தாள் பிடித்துக்கொள்ளும் நிறம்

1970-களின் தொடக்கத்தில் ஓவியர் டேவிட் ஹாக்னி தன் தோழி சீலியா பர்ட்வெல்லைக் கலர் பென்சிலில் அடிக்கடி வரைந்தார். சீலியா துணிகளுக்கு டிசைன் போடுகிறவர். அந்தப் படங்களை முதன்முறை பார்க்கிறவர்களின் கண் முகத்துக்கும் சுருட்டை முடிக்கும் உடைக்கும் போகும். இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் தாளின் பெரும்பகுதியை மனிதர் தொடவே இல்லை என்பது உறைக்கும். கன்னத்தில் விழும் வெளிச்சம் என்று நாம் நம்பியது வெறும் தாள். சன்னமாக இழுத்த ரோஸ் நிறக் கோடுகளுக்கு நடுவே வெள்ளை எட்டிப் பார்க்கிறது, அதைத் தோலின் மினுமினுப்பாக நம் கண்ணே மாற்றிக்கொள்கிறது. கலர் பென்சிலில் அழுத்திப் போட்ட கோட்டைச் சுத்தமாக அழிக்க முடியாது. ஆகவே எங்கே கை வைக்கக் கூடாது என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். ஹாக்னியின் துணிச்சல் அங்கேதான் இருக்கிறது.

கலர் பென்சில் ஓவியம் என்று பேச்செடுத்தால் எல்லோரும் கேட்பது, எந்தக் கம்பெனி பென்சில், எத்தனை நிறம் உள்ள டப்பா என்பதுதான். எதன்மேல் வரைந்தது என்று கேட்பவர் அரிது. படத்தில் பாதி பென்சிலின் வேலை என்றால் மறுபாதி தாளின் வேலை என்பது என் கட்சி. சில படங்களில் தாளின் பங்கு பாதியைத் தாண்டியும் போகும்.

காரணம் எளிது. பென்சிலுக்குள் இருப்பது நிறமிப் பொடி, மெழுகு அல்லது எண்ணெய், வெள்ளைக் களிமண் அல்லது டால்க், இவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் பிசின். எழுதும் பென்சிலின் கரிமுனையைச் சூளையில் சுட்டு இறுக்குவார்கள். இதைச் சுட முடியாது. மெழுகு உருகிவிடும், நிறமும் கெடும். அதனால் முனை எப்போதும் மென்மையாகவே இருக்கும். தாளின்மேல் இழுக்கும்போது தாளின் நார்கள் அரம்போல அதை ராவி எடுத்துக்கொள்கின்றன. முதல் அடுக்கு மேடுகளில் மட்டும் ஒட்டும், பள்ளங்கள் வெள்ளையாக நிற்கும். நன்றாகச் சீவிய கூர்முனை பள்ளத்துக்குள் இறங்கும். மழுங்கிய முனை மேட்டோடு போய்விடும். அடுக்கு ஏற ஏறப் பள்ளம் நிரம்பி, ஒரு கட்டத்தில் மெழுகின்மேல் மெழுகு வழுக்கத் தொடங்கும். அதற்குமேல் தாள் வாங்காது. எந்தத் தாள் எவ்வளவு வாங்கும், எங்கே நிறுத்திக்கொள்ளும் என்பதுதான் இந்தக் கலையின் இலக்கணம்.

மெழுகா எண்ணெயா என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெர்மனியின் ஃபேபர்-காஸ்டெல் 1908-இல் 60 நிறங்களோடு கொண்டுவந்த பாலிகுரோமோஸ் எண்ணெய் வகை. இன்று 120 நிறங்கள். முனை கொஞ்சம் கெட்டி, கூர் நிற்கும். 1938-இல் அமெரிக்காவில் வந்த பிரிஸ்மாகலர் மெழுகு வகை. வெண்ணெயாக இறங்கும், சீக்கிரம் உடையும். மெழுகு அதிகம் ஏறிய படத்தின்மேல் சில வாரங்களில் வெளிறிய மங்கல் ஒன்று படரும். மெல்லிய துணியால் ஒற்றி எடுத்தால் போய்விடும். சென்னையின் மே மாதத்தில் மெழுகுப் பென்சில் தானாகவே இளகி, டிசம்பரில் போட்டதைவிட அடர்த்தியாக விழும் என்பதையும் வரைகிறவர்கள் அறிவார்கள்.

இனி ஒரு கத்தரிக்காயை எடுத்துக்கொள்வோம். ஊதா, கிட்டத்தட்ட கறுப்பு, தோளில் பளிச்சென்று ஒரு ஒளித்திட்டு, மேலே பச்சைக் காம்பு. இதை வெவ்வேறு பரப்புகளில் வரைந்தால் என்ன ஆகிறது என்று பார்ப்பதுதான் வேடிக்கை.

சூடான உருளைகளுக்கு நடுவே அழுத்தி வழவழப்பாக்கிய பருத்தித் தாள், ஹாட் பிரஸ் என்பார்கள், 300 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனம். செடிகொடிகளை வரைகிறவர்களின் தாள் இது. பிரிட்டனின் ஆன் ஸ்வான் போன்றவர்கள் இலை நரம்பையும் இதழின் மடிப்பையும் கலர் பென்சிலில் கொண்டுவருவதைப் பார்த்தால், வாட்டர்கலர் தூரிகை எதற்கு என்று தோன்றும். இந்தத் தாளில் கத்தரிக்காயின் ஒளித்திட்டு என்பது நாம் தொடாமல் விட்ட வெள்ளை. சுற்றிலும் கருநீலம், கருஞ்சிவப்பு, ஊதா என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் பூப்போல ஏற்ற வேண்டும். கலர் பென்சிலின் அடுக்குகள் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியவை. கீழே கிடக்கும் சிவப்பு மேலேயுள்ள நீலத்தின் வழியாகத் தெரியும். மஞ்சளின்மேல் நீலம் போட்டால் வரும் பச்சையும், நீலத்தின்மேல் மஞ்சள் போட்டால் வரும் பச்சையும் ஒன்றல்ல. காம்பின் சிறு முட்களுக்கு ஒரு தந்திரம் உண்டு. மை தீர்ந்த பேனாவால் முதலில் கோடு அழுத்திவிட்டு, மேலே நிறத்தை ஓட்டினால் பள்ளமான கோடு மட்டும் நிறம் வாங்காமல் வெள்ளையாக நிற்கும். பூனை மீசை வரைகிறவர்கள் எல்லோரும் செய்வது இதுதான்.

அதே கத்தரிக்காயைப் பாண்டிச்சேரிக் கைவினைத் தாளில் போட்டால் கதை மாறும். அரவிந்தர் ஆசிரமத்தின் காகிதப் பட்டறை 1959 முதல் நடந்துவருகிறது. பருத்தித் துணிக் கழிவைக் கூழாக்கிச் செய்யும் தாள்களில் நார் கையில் தட்டுப்படும். பென்சிலைச் சாய்த்துத் தடவினால் மேடுகள் மட்டும் ஊதாவாகி, கத்தரிக்காய் சல்லடைக் கண்ணாக வரும். வழவழப்பான காய்க்கு இது ஒத்துவராது. பழைய சுண்ணாம்புச் சுவர், பாறை, பனைமரத் தண்டு என்றால் தாளே பாதி வரைந்து கொடுத்துவிடும். மெல்லிய வாட்டர்கலரை முதலில் ஓடவிட்டுப் பள்ளங்களை நிறமாக்கிவிட்டு, காய்ந்தபின் வேறு நிறப் பென்சிலை மேட்டில் தடவுவது இந்தத் தாளுக்கென்றே பிறந்த உத்தி. இளநீலப் பள்ளத்தின்மேல் காவி மேடு வந்தால் அந்தச் சுவரில் வெயிலும் இருக்கும், நிழலும் இருக்கும்.

நிறத் தாள்களைப் பற்றி நிறையச் சொல்லலாம். பழுப்புத் தாளில் வெளிச்சத்தைத் தாள் தராது, நாம்தான் வெள்ளைப் பென்சிலால் வைக்க வேண்டும். டப்பாவில் ஆண்டுக்கணக்கில் நீளம் குறையாமல் கிடக்கும் அந்த வெள்ளைக்கு அங்கேதான் விமோசனம். இது புதிய யோசனையும் இல்லை. ஆல்பிரெக்ட் டியூரர் 1508-இல் வரைந்த கூப்பிய கைகள் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நீலப் பூச்சுக் கொடுத்துத் தயார்செய்த தாளில் நிழலுக்குச் சாம்பல் மை, வெளிச்சத்துக்கு வெள்ளை, இரண்டுக்கும் நடுவிலுள்ள தோல் முழுக்க அந்த நீலத்தின் பொறுப்பு. டியூரர் நியூரம்பர்க்காரர். பக்கத்து ஊரான ஷ்டைனில்தான் 1761-இல் காஸ்பர் ஃபேபர் பென்சில் செய்ய உட்கார்ந்தார். நீரில் கரையும் தங்கள் பென்சிலுக்கு, அவர் வழிவந்த ஃபேபர்-காஸ்டெல் நிறுவனம் டியூரர் பெயரையே வைத்திருப்பது நியாயம்தான். (பொட்டலம் கட்டும் காக்கித் தாளில் வரைந்து பழகலாம், படம் நிலைக்க வேண்டுமானால் கூடாது. அமிலம் ஏறிய தாள் சில ஆண்டுகளில் மொறுமொறுத்துப் போகும்.)

கறுப்புத் தாளில் நம் கத்தரிக்காய் காணாமல்போகும். ஊதா, கருநீலம் எல்லாவற்றையும் கறுப்பு விழுங்கிவிடும். வெள்ளையை அடியில் ஓர் அடுக்கு போட்டு அதன்மேல் ஊதாவை ஏற்றினால்தான் நிறம் உயிர்பிடிக்கும். நான் அப்படிச் செய்ய மாட்டேன். ஒளித்திட்டு ஒன்று, விளிம்பில் ஒரு வளைகோடு, காம்பில் கொஞ்சம் பச்சை, இவ்வளவு போதும். மீதிக் காயைக் கறுப்பு பார்த்துக்கொள்ளும்.

நான் அதிகம் சொக்கிப்போனது உப்புத்தாளில். ஆசாரிமார் மரத்தைத் தேய்க்கும் உப்புத்தாளிலேயே சிலர் வரைந்து பார்ப்பதுண்டு. அதன் பசையும் அட்டையும் காலத்துக்கு நிற்காது. ஓவியர்களுக்கென்றே அமிலமில்லாமல் செய்த மணல்தாள்கள் பல தரங்களில் கிடைக்கின்றன. இதில் வரையும்போது பென்சில் கண்ணெதிரே கரையும். ஒரு மாலைக்குள் பாதிப் பென்சில் போனால் ஆச்சரியப்படக் கூடாது. விலையைப் பார்ப்பவர்களுக்கு வயிறு எரியும். அதற்கு ஈடாகக் கிடைப்பது வேறெந்தத் தாளும் தராத ஒன்று: அடர்ந்த நிறத்தின்மேல் வெளிர் நிறம் ஏறும். வழவழத் தாளில் ஒளித்திட்டை முதலிலிருந்து காபந்து பண்ண வேண்டும். இங்கே கத்தரிக்காயை முழுக்கக் கறுப்பூதாவாக முடித்துவிட்டுக் கடைசியில் வெள்ளையை ஒரு தீற்றலாக வைக்கலாம், எண்ணெய் ஓவியர் வைப்பதுபோலவே. அடுக்கு எத்தனை போட்டாலும் மணல் இடம் கொடுக்கும். தூளை விறைப்பான தூரிகையால் தேய்த்துக் குழைத்தால் வெல்வெட் போன்ற ஓர் ஆழம் வரும். கலர் பென்சில் கோடுகளின் கலை என்று நினைத்தவர்கள் அந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறிப்போவார்கள்.

அதற்கு நேரெதிர் டிராஃப்டிங் ஃபிலிம். கட்டட வரைபடம் போடுகிறவர்கள் பயன்படுத்திய, பால்போல மங்கிய பாலியஸ்டர் தகடு. நார் கிடையாது, உறிஞ்சுவது கிடையாது. மூன்று நான்கு அடுக்குக்குமேல் வாங்காது. ஆனால் கோடு அவ்வளவு துல்லியமாக விழும், பிடிக்கவில்லை என்றால் ரப்பரால் துடைத்துவிடவும் முடியும். இரண்டு பக்கமும் மங்கலாக இருக்கும் ஃபிலிமில் இரு பக்கமும் வரையலாம். கத்தரிக்காயின் உருண்டையையும் நிழலையும் பின்பக்கம் போட்டுவிட்டு, ஒளித்திட்டின் விளிம்பையும் காம்பின் நரம்பையும் முன்பக்கம் போடுங்கள். நடுவில் தகட்டின் கனம் இருப்பதால் நிழல் உண்மையிலேயே கொஞ்சம் உள்ளே தள்ளி நிற்கும். அடியில் மஞ்சள் தாளைச் செருகினால் காலை, நீலத்தைச் செருகினால் அந்தி. சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறது என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

பென்சிலோடு வேறு ஊடகங்களைக் கலப்பதற்கும் அடிப்படை இதே ஒட்டுதல் கணக்குதான். மெழுகின்மேல் தண்ணீர் நிற்காது. எனவே பெரும்பாலானவர்கள் வாட்டர்கலரையோ மையையோ அடியில் போட்டுக் காயவைத்துப் பென்சிலை மேலே ஏற்றுவார்கள். ஜெனீவாவின் கரன் டாஷ் 1931-இல் பிரிஸ்மாலோ என்ற நீரில் கரையும் கலர் பென்சிலைக் கொண்டுவந்த பிறகு, அடிப்பூச்சையும் பென்சிலாலேயே போட முடிந்தது. ஆனால் தண்ணீர் நிற்காத அந்தக் குணத்தையே முதலாக்கி, வரிசையைத் தலைகீழாக்கியவர் சிற்பி ஹென்றி மூர். 1940 செப்டம்பரில் லண்டன்மேல் குண்டு விழத் தொடங்கியதும் ஜனங்கள் சுரங்க ரயில் நிலையங்களின் நடைமேடைகளில் பாயும் போர்வையுமாகப் படுத்தார்கள். மூர் அதைக் கண்டது பெல்சைஸ் பார்க் நிலையத்தில். அவர்களின் தூக்கத்தை அங்கே உட்கார்ந்து வரைவது அநாகரிகம் என்பதால் பெரும்பாலும் நினைவிலிருந்தே வரைந்தார். வெளிர் நிற மெழுகு கிரேயானால் உடல்களின் வளைவுகளைப் போட்டுவிட்டு, மேலே கறுத்த வாட்டர்கலரை ஓடவிட்டார். மெழுகு பட்ட இடமெல்லாம் தண்ணீர் விலகிக்கொண்டது. இருட்டுக்குள்ளிருந்து தூங்குகிறவர்கள் புடைத்து வந்தார்கள். அதன்பிறகு பேனாவும் மையும். பாட்டிக் துணியில் மெழுகு செய்கிற அதே வேலை, இங்கே போர்க்காலத்தின் ஆகப்பெரிய ஓவிய வரிசை ஒன்றைத் தந்தது. மூரின் வெண்கலச் சிற்பங்களை எனக்குப் பிடிக்கும். இந்தத் தாள்களை அவற்றுக்கு மேலே வைப்பேன்.

வாங்கிய பரப்பு போதாது என்று தானே தயாரித்துக்கொள்கிறவர்களும் உண்டு. மரப்பலகையிலோ கனத்த அட்டையிலோ ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசி, அதில் படிகக்கல் பொடி கலந்து தேவையான சொரசொரப்பை வரவழைப்பார்கள். நம்மூரில் இதற்குத் தூரத்துச் சொந்தம் கலம்காரி. சிக்கநாயக்கன்பேட்டை மாதிரி ஊர்களில் இன்னும் நடக்கிற அந்த வேலையில், துணியைக் கடுக்காயும் பாலும் சேர்ந்த கரைசலில் ஊறவைத்து வெயிலில் காயப்போட்ட பிறகுதான் மூங்கில் பேனாவைத் தொடுவார்கள். பாலின் கொழுப்பு இல்லாவிட்டால் மை துணியில் பரந்துவிடும். படம் தொடங்குவது துணி காயும் அந்த வெயிலில்தான்.

இவ்வளவும் தெரிந்த பிறகு, கைபேசித் திரையில் இன்று கொண்டாடப்படும் ஒருவகைக் கலர் பென்சில் படங்களோடு எனக்குச் சிறு சண்டை வருகிறது. கண்ணாடிக் கோலி, நீர்த்துளி, எவர்சில்வர் கரண்டி, போட்டோவா படமா என்று தெரியாத முகம். வெளிர்நிறப் பென்சிலால் அழுத்தி அழுத்தித் தேய்த்து, தாளின் கடைசிப் பள்ளமும் மூடும்வரை மெருகேற்றியவை. உழைப்பு மலைக்கவைக்கிறது. நேரில் பார்த்தால் மேற்பரப்பு முழுக்க ஒரே சீரான பளபளப்பு, எந்தத் தாளில் போட்டாலும் இதே படம்தான் வந்திருக்கும். கரண்டிக்கும் கோலிக்கும் அந்த மெருகு பொருந்துகிறது, கத்தரிக்காய்க்கும் ஓரளவு. கிழவியின் கன்னத்துக்கு ஏன் அது?

நிறத்தின் ஆயுள் என்ற பிரச்சினை ஒன்று பாக்கி. நம் கத்தரிக்காய்க்கு வேண்டிய ஊதாவும் அதன் உறவான ரோஸும்தான் மலிவான டப்பாக்களில் முதலில் வெளுப்பவை. வெளிச்சத்துக்கு நிறம் எவ்வளவு தாங்கும் என்பதை அளக்க நீலக் கம்பளி அளவுகோல் ஒன்று உண்டு, 1 முதல் 8 வரை. கலர் பென்சிலுக்கென்றே அமெரிக்காவில் டி6901 என்ற தரவிதியும் வந்தது. அந்த எண்ணைத் தன் பெயரிலேயே ஒட்டிக்கொண்டது கரன் டாஷின் லூமினன்ஸ் 6901. விலை அதற்கேற்ற விலை. முழு டப்பா வாங்க வேண்டியதில்லை. வெளுக்கக்கூடிய நாலைந்து நிறங்களை மட்டும் இப்படி நல்லதாகச் சில்லறையில் வாங்கி, மீதியை 24 பென்சில் உள்ள சாதாரண டப்பாவில் சமாளிக்கலாம். மிச்சப்படும் காசுக்குத் தாள் வாங்குங்கள், வகைக்கு ஒன்றாக. ஒற்றைத் தாள் கேட்டால் கடைக்காரர் முகத்தைச் சுளிப்பார், கட்டாக வாங்கச் சொல்வார். விடாமல் கேளுங்கள், உடைத்துக் கொடுப்பார்.