'ஆம்பளை ஹால்' நாற்காலியை வரைந்தது யார்?

குறைந்த செலவில் 'ஆண்மையான' ஹால் அமைப்பது எப்படி என்று சொல்லும் கட்டுரைகளைப் பாருங்க. எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே படம்: கறுப்புத் தோல், பளபளக்கும் எஃகுக் குழாய், வெறும் சுவர். இந்தத் தோற்றத்தின் முன்னோடிகளில் ஒன்று 1928-ல் பாரிஸில் வடிவமைத்த சோபா நாற்காலி. ஊருக்கு அது லெ கொர்பூசியே நாற்காலி. ஆனா வடிவமைத்தவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் ஷார்லோட் பெரியான் என்ற பெண். 1927-ல் வேலை கேட்டுப் போனவரிடம், இங்கே திண்டுக்குப் பூத்தையல் போடுறதில்லை என்று கொர்பூசியே சொல்லி அனுப்பிவிட்டார். அதே வருஷம் பெரியான் உலோகத்தில் செய்த மதுக்கூடத்தைக் கண்காட்சியில் பார்த்த பிறகுதான் சேர்த்துக்கொண்டார்.

அப்போ இதில் 'ஆண்மை' எங்கே இருக்கு? விற்கிறவங்க ஒட்டின சீட்டுதான். சிக்கனம் என்று அந்தச் சீட்டுக்காக ரெக்சின் நகலை வாங்கினால், சில வருஷத்தில் தோல் உரிந்து நிற்கும். அசல் நாற்காலி தன் எஃகுச் சட்டத்தை ஒளிக்காமல் வெளியே காட்டியது. ரெக்சினோ தோல் மாதிரி நடிக்குது. அதே காசுக்கு மரம் மரமாகவே தெரியும் ஒரு பழைய நாற்காலி கிடைக்கும். அதில் யார் வேணா உட்காரலாம்.