தொம்சனின் விருதுரை: ஒரு மறுநோக்கு

1983ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதை டெனிஸ் ரிச்சியுடன் பகிர்ந்துகொண்ட கென் தொம்சன், அதன்பொருட்டு ஆற்றிய உரை 1984 ஓகஸ்டில் அச்சேறியது. மூன்று பக்கங்களுள் அடங்கும் இவ்வுரை, கணினிப் பாதுகாப்புக் கற்கும் மாணவர்க்கு இன்றும் வாசிக்கத் தரப்படுகின்றது. கள்ளவழியொன்றை அமைக்கும் முறையை முதலிற் கற்பித்துப் பின்னர்க் கள்ளரைக் கண்டிப்பது அதன் விசித்திரம்.

முற்பகுதியின் தெளிவு வியக்கத்தக்கது. தொகுப்பானுட் புகுத்தப்படும் சில வரிகள், யுனிக்ஸின் உட்புகு செய்நிரல் தொகுக்கப்படும்போது, இரகசியக் கடவுச்சொல் ஒன்றையும் அது ஏற்குமாறு செய்கின்றன. தொகுப்பானே மீளத் தொகுக்கப்படுகையில் அவ்வரிகள் தம்மைத் தாமே அதனுட் பதித்துக்கொள்கின்றன. பின்னர் மூலநிரலிலிருந்து அவற்றை நீக்கிவிடலாம். எத்துணைக் கூர்ந்து வாசிப்பினும் சூது புலப்படாது. தானே முற்றாக எழுதாத நிரலை ஒருவர் நம்புதற்கில்லை என்னும் முடிவு இதிலிருந்து முறையாகவே பிறக்கின்றது.

பிற்பகுதி அத்தகையதன்று. பிறர் கணினிகளுட் புகும் இளைஞரைப் பத்திரிகைகள் வீரராக்குவதைச் சாடும் தொம்சன், அயலவன் வீட்டுக் கதவு பூட்டப்படாதிருப்பினும் உட்புகுதல் தவறே என்கின்றார். உவமை பொருத்தமானதே. ஆயின், தமது சோதனை எங்கே, யாருடைய இசைவுடன் நிகழ்ந்தது என்பதை அவர் கூறவில்லை. பின்னாளில் அவரே தெரிவித்தபடி, புதிய வசதியொன்றைக் காட்டி ஈர்த்து, அத்தொகுப்பானைத் தம் நிறுவனத்தின் பிறிதொரு குழுவினர் பெற்றுக்கொள்ளச் செய்தனர். அவர்களும் அயலவரே அன்றோ? ஆய்வுக்கும் அத்துமீறலுக்கும் இடையே எல்லை வகுக்கவேண்டிய இடத்தில் மௌனம் சாதித்தமை உரையின் பெருங்குறை.

அவ்வெல்லையை நீதிமன்றம் கடுமையாகவே வகுத்தது. 1988 நவம்பர் 2ஆந் திகதி கோர்னெல் பல்கலைக்கழகப் பட்டப்பின் மாணவர் ரொபேர்ட் மொறிஸ் வலையமைப்பில் விட்ட 'புழு' ஆயிரக்கணக்கான கணினிகளைப் பாதித்தது. பாதுகாப்பின் குறைகளைப் புலப்படுத்துவதே அவர் நோக்கம் என்பதை 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் குறிப்பிட்டது. எனினும், 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அனுமதியின்றி உட்புகும் எண்ணமே போதும், சேதம் விளைக்கும் எண்ணம் வேண்டியதில்லை எனக் கூறித் தீர்ப்பை உறுதிசெய்தது. மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணிநேரச் சமூகசேவை, 10,050 டொலர் தண்டம் என்பன அவருக்கு விதிக்கப்பட்டிருந்தன. மொறிஸின் நோக்கம் தொம்சனுடையதிலிருந்து பெரிதும் வேறுபட்டதெனக் கூறுதல் அரிது. வேறுபட்டது விளைவின் பரப்பே.

தொம்சனின் மூலநிரல் 2023இலேதான் விளக்கக் குறிப்புகளுடன் வெளியாயிற்று. பழைய யுனிக்ஸின் ஆறாம் பதிப்பைப் போலச்செய்யும் சூழலொன்றில், எவர் கணினியையும் தீண்டாது, மாணவர் அதனை இப்போது இயக்கிப் பார்க்கலாம்.