குறுமொழியும் கலைச்சொல்லும்

நன்னூலார் நூலின் அழகு பத்தினுள் முதலாவதாகச் சுருங்கச் சொல்லலை வைத்தார்; குற்றம் பத்தினுள் முதலாவதாகக் குன்றக் கூறலை வைத்தார். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள எல்லை எத்துணை நுண்ணியது என அறிய விழைவோர், மென்பொருள் வல்லுநர் டுவிட்டரில் நிகழ்த்திய தொழிலுரையாடலை நோக்குதல் தகும்.

2006இல் தோன்றிய டுவிட்டர் (2023 முதல் இதன் பெயர் எக்ஸ்) ஒரு செய்திக்கு 140 எழுத்துகளே இடந்தந்தது. கைப்பேசிக் குறுஞ்செய்தியின் அளவு 160. அதில் 20 அனுப்புவோர் பெயருக்கு ஒதுக்கப்பட்டது. 2017இல்தான் அவ்வளவு 280 ஆயிற்று. சுருக்கம் இங்கே புலவன் தேர்ந்ததன்று, கருவி விதித்தது.

அவ்வுரையாடலின் பொருட்டுப் பிறந்த சொல்லொன்றை எடுத்துக்கொள்வோம். 2009 ஜூனில் சான் பிரான்சிஸ்கோவில், புதுவகைத் தரவுத்தளங்களைப் பற்றிப் பேச ஒரு கூட்டம் கூடிற்று. அதைக் கூட்டிய ஜோஹன் ஆஸ்கார்சன், டுவிட்டரில் அடையாளமிட்டுத் தேடுவதற்கு ஏற்ற குறும்பெயர் ஒன்றை வேண்டினார். ‘நோ எஸ்.க்யூ.எல்’ என்னும் பெயர் கிடைத்தது. எஸ்.க்யூ.எல் என்பது தொடர்புசார் அட்டவணைகளில் உள்ள தரவை வினவும் மொழி. அப்பெயரோ, பொருள் இன்னது என்று சொல்லவில்லை. இன்னதன்று என்று மட்டுமே சொல்லிற்று. அதனையும் வழுவுறச் சொல்லிற்று. அவர்கள் விலக எண்ணியது வினவுமொழியினின்று அன்று, அட்டவணை அமைப்பினின்றே. (1998இலேயே கார்லோ ஸ்ட்ரோசி என்பார், தொடர்புசார் முறையில் அமைந்த தம் கருவிக்கு இதே பெயரை இட்டிருந்தார் என்பது வேடிக்கை.) பின்னர், ‘எஸ்.க்யூ.எல் மட்டுமன்று’ என அதற்கு விரிவு கூறலாயினர். ஒரு நாள் கூட்டத்தின் பெயருக்கு உரையாசிரியர் வேண்டியதாயிற்று!

அதே ஆண்டு அக்டோபரில், பெல்ஜியத்தின் கென்ட் நகரில் பேட்ரிக் டெபாய்ஸ் கூட்டிய மாநாட்டின் பெயர் ‘டெவாப்ஸ் டேஸ்’. டுவிட்டர்ப் பேச்சில் ‘டேஸ்’ உதிர, ‘டெவாப்ஸ்’ நின்றது. மென்பொருளை ஆக்குவோர், இயக்குவோர் என்னும் இரு சாராரும் இச்சொல்லில் புலப்படுகின்றனர். ஆதலின் இது முன்னதினும் நல்ல சொல். ஆயினும், இரு சாராரை இணைக்க எழுந்த இச்சொல், பல நிறுவனங்களில் மூன்றாமவர் ஒருவரின் பதவிப் பெயராகிவிட்டது.

இவ்வுரையாடலை வெறும் அரட்டையெனத் தள்ளுவார் கூற்று எமக்கு உடன்பாடன்று. துறைவல்லார் தம்முள் வாதிடுவதைத் தோட்டப்புறத்து இளைஞனும் செலவின்றிக் கேட்கலாம் என்பது சிறு பேறன்று. ஆனால், ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்றதற்கு நேர்மாறாக, அவனுக்குச் சொல் முதலில் வருகின்றது. வாதம் அடுத்து வருகின்றது. வரையறை சில வேளைகளில் வருவதேயில்லை.

இச்சொற்களைத் தமிழாக்குவோர் இதனை எண்ணல் வேண்டும். ‘எஸ்.க்யூ.எல் இல்லாதது’ எனப் பெயரை மொழிபெயர்ப்பின், பிழையையே மொழிபெயர்த்தவராவர். ‘தொடர்புசாராத் தரவுத்தளம்’ என்பது சற்று நீண்டாலும் பொருளைச் சுட்டுகின்றது.