சித்த வைத்தியர்களின் ஏடும் பதிவேடும்

ஆரணியில் பட்டுக்கு இருக்கும் பெயர் வைத்தியத்துக்கு இல்லை. ஆனாலும் குழித்தறியில் பொழுதெல்லாம் உட்காரும் ஊரில், இடுப்புக்கும் முழங்காலுக்கும் தைலம் காய்ச்சித் தருபவர் தேவைப்பட்டார். மேற்கே ஜவ்வாது மலையில் மூலிகைக்கும் பஞ்சமில்லை. அந்த வைத்தியர்களைப் பற்றி எழுதிவைத்தவர்கள்தான் குறைவு.

சித்த மருத்துவ மரபை அகத்தியர், போகர், தேரையர் என்று நூலோர் பெயரால் பிரிப்பது வழக்கம். நடைமுறையில் ஆசான் வீடுதான் பள்ளிக்கூடம். ஒரே பெயருள்ள செந்தூரம் வீட்டுக்கு வீடு வேறு விதமாக முடியும். அரைக்கும் சாறு, சாமக் கணக்கு, மருந்தை எரித்தெடுக்கும் புடத்துக்கு அடுக்கும் வரட்டி எல்லாம் மாறும். அதற்காகத் தரக்கட்டுப்பாடு இல்லையென்று சொல்லிவிட முடியாது. பற்பம் என்னும் சாம்பல் மருந்து முடிந்ததா என்று பார்க்க ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே தேய்ப்பார்கள். ரேகைக்குள் புகுந்து நிற்க வேண்டும். தண்ணீரில் தூவினால் மிதக்க வேண்டும். நாக்கில் சுவை தட்டக் கூடாது. தேறாவிட்டால் மறுபடியும் புடத்துக்குத்தான் போகும். சூரணத்துக்கு ஆயுள் 3 மாதம், செந்தூரத்துக்கு 75 ஆண்டு, பற்பத்துக்கு 100 ஆண்டு என்பது மரபுக் கணக்கு. நாள்பட்ட மருந்தை நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது என்ற கண்டிப்பு அதில் இருக்கிறது. இந்த மரபில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

ஆதரவு கிடைத்த இடத்தில் பதிவும் நிலைத்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் காலத்து முறைகள் சுவடிகளில் தங்கி, பிறகு சரஸ்வதி மகால் நூலக வெளியீடுகளாக அச்சேறின. ஆரணி போன்ற ஊர்களுக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

சென்னை மாகாணத்தில் 1914ஆம் ஆண்டின் மருத்துவப் பதிவுச் சட்டம் மேல்நாட்டு மருத்துவம் படித்தவர்களுக்கானது. நாட்டு வைத்தியரின் பேச்சு அரசு ஆவணத்தில் ஏறியது, நாட்டு மருத்துவத்தை ஆராய மாகாண அரசு அமைத்த உஸ்மான் குழுவால். டாக்டர் ஜி. சீனிவாசமூர்த்தி அதன் செயலாளர்; அறிக்கை 1923இல் வந்தது. பரிந்துரைகளைவிட, வைத்தியர்களும் பண்டிதர்களும் எழுதி அனுப்பிய பதில்களைத் தொகுத்த பகுதியே எனக்குப் பெரிய செல்வமாகப் படுகிறது. தங்கள் சாத்திரத்தை அவர்களே விளக்கி வாதாடுகிறார்கள். வைத்தியர் வரலாறு எழுத வருகிறவர் முதலில் எடுக்க வேண்டிய புத்தகம் அதுதான். அடுத்த சில ஆண்டுகளில் சென்னையில் இந்திய மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது.

இந்த மரபை எழுத்தில் பதித்த இன்னொருவர் டி. வி. சாம்பசிவம் பிள்ளை. காவல் துறையில் வேலை பார்த்தபடியே தமிழ் மருத்துவச் சொற்களைத் திரட்டி அகராதி செய்தார். 1953இல் அவர் காலமானபோது முழுவதும் அச்சாகியிருக்கவில்லை; மீதித் தொகுதிகள் பிறகுதான் வெளிவந்தன. ஒரு நிறுவனம் செய்ய வேண்டிய வேலையைத் தனியொருவராகச் சுமந்திருக்கிறார்.

1964இல் பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரி, 1970இல் இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டம், பிறகு தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் என்று படிப்பும் பதிவும் ஒழுங்குக்கு வந்துவிட்டன. அது வேண்டியதே, போலிகளிடமிருந்து நோயாளியைக் காக்க வேறு வழியில்லை. ஆனால் பதிவுச் சான்றிதழ், ஒருவர் வைத்தியம் பார்க்கலாம் என்று மட்டுமே சொல்லும். யாரிடம் கற்றார், எந்த ஏட்டைப் பின்பற்றினார், ஆசானின் முறையில் எதை மாற்றினார் என்று சொல்லாது. அதை வைத்தியர் சங்கங்கள்தான் எழுதிவைக்க வேண்டும்.

ஆரணி, போளூர், செய்யாறு வட்டாரத்து வைத்தியக் குடும்பங்களின் பரணில் ஏடுகளும் மைமங்கிய கைநோட்டுகளும் இருந்தால் செல்லரிப்பதற்குள் படமெடுக்க வேண்டும். மூலத்தைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடத்தில் சேர்க்கலாம். ஒவ்வொரு நோட்டோடும் எழுதியவர் பெயர், அவருடைய ஆசான் பெயர், ஊர், காலம் என்று ஒரு பக்கக் குறிப்பு இருக்கட்டும். மூத்த வைத்தியர்களிடம் கேட்டு எழுதும் வேலையை இந்த ஆண்டே தொடங்கிவிட வேண்டும்.