தற்காப்பை மதியாத கோல்

ஸ்னூக்கர் மேசையில் வெற்றிக்கு இரண்டு மார்க்கங்கள் உண்டு. பந்துகளைப் பையில் தள்ளி எண்களைக் குவிப்பது ஒன்று. எதிராளிக்கு எதுவும் வாய்க்காத இடத்தில் வெள்ளைப் பந்தைக் கொண்டுபோய் நிறுத்தி, அவன் பிழை செய்யும்வரை பொறுத்திருப்பது மற்றொன்று. 1980களில் ஆறு முறை உலகப் பட்டம் வென்ற ஸ்டீவ் டேவிஸ் இவ்விரண்டையும் அளவறிந்து பிரயோகித்தவர். அவருக்குப் பின் அரியணை ஏறிய ஸ்காட்லாந்துக்காரர் ஸ்டீபன் ஹென்ட்ரியோ, இரண்டாவது மார்க்கத்தை வேண்டாவெறுப்பாகவே மிதித்தார். அவருடைய ஏழு பட்டங்களுக்கும், பிற்காலத்து நீண்ட வாட்டத்துக்கும் அந்த ஒரு மனோபாவமே மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம்.

அவருடைய முறையை ஒரே அடியில் கண்டுகொள்ளலாம். தொலைவிலிருந்த ஒரு சிவப்புப் பந்தைப் பையில் இட்டாயிற்று. வெள்ளைப் பந்து, மேசை நடுவிலுள்ள நீலப் பந்துக்குச் சற்றே கோணலாக வந்து நிற்கிறது. மற்றச் சிவப்புகளோ இன்னும் கும்பலாக ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. இந்த நிலையில் முன்னோர்கள், நீலத்துக்குரிய ஐந்து எண்ணை எடுத்துக்கொண்டு, உதிர்ந்து கிடக்கும் ஓரிரு சிவப்புகளைப் பொறுக்கிவிட்டு, ஆபத்து நெருங்கும் சமயத்தில் வெள்ளைப் பந்தை மறுகோடிக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். ஹென்ட்ரி நீலத்தை நடுப்பையில் ஓங்கி அடிப்பார். அடித்த வேகத்திலேயே வெள்ளைப் பந்து பாய்ந்து சிவப்புக் கும்பலைச் சிதறடிக்கும். அடுத்து அடிக்க ஒரு சிவப்பு அகப்பட்டுவிட்டால், எதிராளி நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே வேண்டியதில்லை. உதகமண்டலத்துக் கிளப்பில் 1882இல் இந்த ஆட்டத்துக்கு விதி வகுத்த பட்டாளத்து அதிகாரிகள், தங்கள் மாலைப் பொழுதுபோக்கு இத்தனை மூர்க்கத்தைத் தாங்குமென்று நினைத்திருக்க மாட்டார்கள்!

இந்தத் துணிச்சலின் பலன் சாமானியமன்று. 1990இல், இருபத்தொரு வயதில், ஜிம்மி ஒயிட்டை 18-12 என்று வென்று, உலகப் பட்டம் பெற்றவர்களிலேயே மிக இளையவரானார். 1992இல் அதே ஒயிட்டிடம் 8-14 என்று பின்தங்கியிருந்த நிலையில், வேறொருவர் தற்காப்பில் ஒதுங்கியிருப்பார். இவர் அடித்து ஆடி அடுத்த பத்துப் பிரேம்களையும் தொடர்ச்சியாகக் கைப்பற்றினார். 1994இல், பந்தயத்தின் நடுவே வழுக்கி விழுந்து கையில் முறிவு ஏற்பட்டிருந்தும், 17-17 என்ற கடைசிப் பிரேமில் ஒயிட் எளிய கறுப்பைத் தவறவிட்ட கணத்தில் எழுந்து, நிதானமாக 58 எண் எடுத்து முடித்தார். அதே ஆண்டு ஐக்கிய இராச்சியப் பட்டத்தின் இறுதியில் கென் டோஹர்ட்டிக்கு எதிராக ஏழு முறை நூறைக் கடந்தார்.

ஆயினும் இந்த முறை முழங்கையை நம்பியது. கை தவறாதவரை யோசனைக்கு இடமில்லை. கை தவறத் தொடங்கியபின் யோசனையைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. ஏறக்குறைய 2000 முதலே, கோல் நேரே செல்ல மறுக்கும் ஒரு தடுமாற்றம் தம்மைப் பீடித்ததாக அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். டேவிஸுக்கும் கை தளர்ந்ததுதான். ஆனால் அவர் 1997இல், நாற்பதை நெருங்கும் வயதில், 4-8 என்ற நிலையிலிருந்து மீண்டு, இளைஞர் ரோனி ஓ'சல்லிவனை 10-8 என்று வென்று மாஸ்டர்ஸ் கோப்பையைக் கொண்டுபோனார். குறைந்த ஆயுதங்களைக் கொண்டு யுத்தம் நடத்தும் அந்தச் சாமர்த்தியத்தை ஹென்ட்ரி சம்பாதித்து வைத்திருக்கவில்லை. ஓ'சல்லிவனோ ஹென்ட்ரியின் தாக்குதலையும் டேவிஸின் காப்பையும் சேர்த்துக் கற்று, 2022இல், நாற்பத்தாறு வயதில், ஏழாவது பட்டத்தை எட்டினார்.

தற்காப்பைப் பயின்றிருந்தால் ஹென்ட்ரி இன்னும் இரண்டொரு பட்டம் பெற்றிருப்பார் என்று சொல்வோர், அப்படிப் பயின்றவருக்கு 1992இன் அந்தப் பத்துப் பிரேம்கள் வாய்த்திருக்குமா என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நானும் அவரைக் குறை கூறத் தொடங்கும்போதெல்லாம் அந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறேன்.

2012இல், ஷெபீல்டு நகரத்துக் குரூசிபிள் அரங்கில், உலகப் பந்தயத்தின் முதற்சுற்றில் அவர் 147 என்ற பூரண எண்ணிக்கையை எடுத்தார். காலிறுதியில் ஸ்டீபன் மாக்வயரிடம் 2-13 என்று தோற்று, அன்றே ஓய்வை அறிவித்தார்.