நாங்கள், நாம், ஆயிரம் பிரதிகள்

மான்செஸ்டரைச் சேர்ந்த பஸ்காக்ஸ் குழு 1977 ஜனவரி 29 அன்று தானே வெளியிட்ட 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற ஏழு அங்குல இசைத்தட்டின் பின்னட்டையில் ஒரு விசித்திரமான விவரம் இருக்கிறது. நான்கு பாடல்களின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அது எத்தனையாவது டேக், பிறகு மேலே ஏதாவது சேர்த்தார்களா என்ற குறிப்பு. 'பிரேக்டவுன்' மூன்றாவது டேக், எதுவும் சேர்க்கவில்லை. மற்ற மூன்றும் முதல் டேக், கிதார் மட்டும் பிறகு ஒருமுறை சேர்த்தது. அவ்வளவுதான்.

இந்த ரெக்கார்டை நான் முதலில் கேட்டது போனில். அங்கே பின்னட்டை கிடையாது. நான்கு பாட்டு, பத்து நிமிடம் சொச்சம். கேட்டேன், நல்லா இருக்கு என்று நினைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போய்விட்டேன். வெகுநாள் கழித்துப் பின்னட்டையின் படத்தைப் பார்த்தபோதுதான் இந்த ரெக்கார்டைப் பற்றி நான் படித்திருந்த பலதும் கொஞ்சம் தப்பான இடத்தில் அழுத்தம் கொடுக்கின்றன என்று தோன்றியது. பெரிய கம்பெனிகளின் தயவில்லாமல் தாங்களே ரெக்கார்டு போட்டார்கள், அதனால் சுதந்திரமானவர்கள் என்பதுதான் வழக்கமான கதை. அது பொய் இல்லை. ஆனால் தாங்களே போட்டதை விட முக்கியமான ஒன்றை அந்தப் பின்னட்டை செய்கிறது. எப்படிப் போட்டோம் என்று சொல்கிறது. இந்தக் கட்டுரை அந்த வித்தியாசத்தைப் பற்றியது.

1

ரெக்கார்டுக்கு முன்னால் நிகழ்ச்சிகள் இருந்தன. ஹோவர்ட் டெவோட்டோவும் பீட் ஷெல்லியும் போல்டன் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள். 1976 பிப்ரவரியில் ஒரு இசை வார இதழில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற லண்டன் குழுவைப் பற்றி ஒரு சின்ன விமர்சனம் வருகிறது. அதைப் படித்துவிட்டு, கார் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு தெற்கே போய் அந்தக் குழுவை அடுத்தடுத்து இரண்டு ஊர்களில் பார்க்கிறார்கள். திரும்பி வந்ததும் அவர்கள் செய்த காரியம்தான் கவனிக்க வேண்டியது. தங்கள் பாட்டை ஒழுங்குபடுத்திக்கொண்டு மேடை தேடவில்லை. அந்தக் குழுவைத் தங்கள் பக்கத்துக்குக் கூட்டிவருகிறோம் என்று பேசி, மான்செஸ்டரில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்தார்கள். லெஸ்ஸர் ஃப்ரீ டிரேட் ஹால். பெரிய ஃப்ரீ டிரேட் ஹாலுக்கு உள்ளேயே இருந்த சின்ன அரங்கு. டிக்கெட் 50 பென்ஸ்.

1976 ஜூன் 4. வந்தவர்கள் சுமார் 40 பேர். பின்னாளில் ஜாய் டிவிஷன் ஆனவர்கள், தி ஃபால் ஆனவர், தி ஸ்மித்ஸ் ஆனவர் எல்லாரும் அந்த 40 பேருக்குள் இருந்தார்கள் என்று ஒரு புராணமே உண்டு. அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொள்கிற எல்லாரையும் சேர்த்தால் அந்த அரங்கு கொள்ளாது. அந்தப் புராணத்தில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. எனக்குப் பிடித்தது அன்றைக்கு டிக்கெட் கொடுக்கும் மேசையில் நடந்தது. அங்கே உட்கார்ந்திருந்தவர் ஷெல்லி. தன் குழு அன்று மேடை ஏறத் தயாராகவில்லை, ஆள் போதவில்லை. அதனால் வேறொருவர் பாடும் நிகழ்ச்சிக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டிருக்கிறார். வெளியே ஸ்டீவ் டிகிள் என்ற இளைஞர், யாரோ ஒருவரைச் சந்தித்துக் குழு தொடங்குவது பற்றிப் பேசுவதற்காகக் காத்து நிற்கிறார். செக்ஸ் பிஸ்டல்ஸின் மேலாளர் மால்கம் மெக்லாரன், ஷெல்லி எதிர்பார்த்துக்கொண்டிருந்த பேஸ் கிதார்காரர் இவர்தான் என்று தப்பாக நினைத்து உள்ளே இழுத்துவந்து மேசை முன்னால் நிறுத்துகிறார். ஆள் மாறிப்போனதால் டிகிள் பஸ்காக்ஸில் சேர்ந்தார். டிரம்ஸுக்கு ஜான் மாஹர் வந்தார், அவருக்கு அப்போது 16 வயது. ஜூலை 20 அன்று அதே அரங்கில் அதே லண்டன் குழுவுடன் இந்த நால்வரும் மேடை ஏறினார்கள்.

இதில் அதிர்ஷ்டம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மண்டபத்தைப் பிடித்து, மேசை போட்டு, கதவைத் திறந்து வைத்திருந்ததால்தான் அந்த அதிர்ஷ்டத்துக்கு நுழைய ஒரு வாசல் இருந்தது.

2

அந்த வருடம் டிசம்பர் 28 அன்று மான்செஸ்டரின் இண்டிகோ ஸ்டூடியோவில் நான்கு பாடல்களைப் பதிவு செய்தார்கள். மூன்று மணி நேரம் பதிவு, இரண்டு மணி நேரம் மிக்ஸிங். செலவு 500 பவுண்ட். ஷெல்லியின் அப்பா உட்பட குடும்பத்தாரிடமும் நண்பர்களிடமும் வாங்கிய கடன். தயாரிப்பாளர் மார்ட்டின் ஹேனட், அட்டையில் மார்ட்டின் ஸீரோ என்று போட்டுக்கொண்டார். இரண்டே வருடத்தில் ஜாய் டிவிஷனின் முதல் ஆல்பத்தில் அந்தக் குளிர்ந்த, வெற்றிடம் நிறைந்த ஒலியை உருவாக்கப்போகிறவர். அப்போது அவர் உள்ளூர் இசைக்கலைஞர்களின் மியூசிக் ஃபோர்ஸ் என்ற கூட்டுறவு அமைப்பில், குழுக்களுக்கு நிகழ்ச்சி பிடித்துக் கொடுக்கும் வேலையில் இருந்தார். முன்னட்டைப் படம் ஒரு போலராய்டு. எடுத்தவர் டெவோட்டோவின் பள்ளிக்கால நண்பர், குழுவின் நிர்வாகி ரிச்சர்ட் பூன். இடம் மான்செஸ்டர் பிக்காடிலியில் ராபர்ட் பீல் சிலையடி. லேபிளுக்கு நியூ ஹார்மோன்ஸ் என்று ஒரு பெயர் வைத்தார்கள், அலுவலகம் எல்லாம் கிடையாது.

சரி, பாட்டு எப்படி?

முதலில் காதில் விழுவது அவசரம். மாஹரின் டிரம்ஸ் ஒவ்வொரு வரிக்கும் அரை அடி முன்னால் ஓடுகிறது. டெவோட்டோவின் குரல் அழகான குரல் இல்லை. மூக்கால் பாடுகிறார், சொற்களைக் கடித்துத் துப்புகிறார், ஒரு அசையை வேண்டுமென்றே இழுத்து அடுத்ததை விழுங்கிவிடுகிறார். கோபம் என்று பங்க் இசையில் பொதுவாகச் சொல்லப்படுவது இங்கே இல்லை. பதற்றமும் கிண்டலும் இருக்கின்றன. தன்னையே பார்த்துச் சிரிக்கும் ஒருவனின் குரல். 'டைம்ஸ் அப்' பாடலில் வரிசையில் காத்திருக்கும் எரிச்சல் அப்படியே தாளமாகிவிடுகிறது.

ஆனால் இந்த ரெக்கார்டின் உச்சம் 'போர்டம்'தான். அதில் ஷெல்லியின் கிதார் சோலோ வருகிறது. சோலோ என்றால் அந்தக் காலத்து ராக் இசையில் என்ன அர்த்தம்? கிதார்காரர் முன்னால் வருவார், விரல்கள் பறக்கும், இத்தனை வருடப் பயிற்சியையும் கொட்டுவார், நாம் வாய் பிளக்க வேண்டும். ஷெல்லி வாசிப்பது இரண்டே சுரங்கள். எண்ணியவர்கள் 66 முறை என்கிறார்கள். அம்புலன்ஸ் சைரன் போல அது திரும்பத் திரும்ப வருகிறது. முதலில் சிரிப்பு வரும். பிறகு எரிச்சல். பிறகு, இதை எப்படித்தான் முடிக்கப்போகிறான் என்று ஒரு உண்மையான பதைப்பு. அலுப்பைப் பற்றிய பாட்டில் அலுப்பையே சோலோவாக வாசித்து, அதைச் சுவாரசியமாகவும் ஆக்கிவிடுகிறார். ஒத்திகையில் தூக்கிப் போட்டதில் மேல்பக்கம் உடைந்துபோன ஒரு மலிவான ஸ்டார்வே கிதாரை அவர் தூக்கி எறியாமல் அதையே வாசித்துக்கொண்டிருந்தார் என்ற தகவலையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த சோலோவை 'வாசிக்கத் தெரியாதவர்களின் தைரியம்' என்று பாராட்டுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஷெல்லிக்கு மெட்டு நன்றாகவே தெரியும், அடுத்த இரண்டு வருடங்களில் அவர் எழுதிய காதல் பாடல்களே சாட்சி. தெரியாமல் செய்தது அல்ல, தேர்ந்து செய்தது. நல்ல நகைச்சுவைக்காரர் ஒருவர் இடைவெளி விடும் அளவை அறிந்திருப்பது மாதிரி, எத்தனை முறை என்பதை அவர் அறிந்திருக்கிறார். கேட்கிற பையன் ஒருவன் வீட்டில் கிதாரை எடுத்து அதே இரண்டு சுரங்களை அன்றைக்கு ராத்திரியே வாசித்துவிடலாம். அந்த சோலோவும் பின்னட்டைக் குறிப்பும் ஒரே காரியத்தைத்தான் செய்கின்றன. ஒன்று ஒலியில், இன்னொன்று அச்சில். இரண்டுமே, உள்ளே என்ன நடக்கிறது பார் என்று மூடியைத் திறந்து காட்டுகின்றன.

3

'டூ இட் யுவர்செல்ஃப்' என்ற ஆங்கிலத் தொடரைத் தமிழில் சொல்லிப் பார்க்கும்போது ஒரு சிக்கல் வருகிறது. 'நீயே செய்' என்றால் தனி ஆள். யார் உதவியும் வேண்டாம் என்று ஒரு வீம்பு அதில் ஒட்டிக்கொள்கிறது. மேலே சொன்ன கதையில் அந்தத் தனி ஆள் எங்கே? அப்பாவின் பணம், நண்பனின் போலராய்டு, கூட்டுறவு அமைப்பில் இருந்த தயாரிப்பாளர், பதினாறு வயது டிரம்மர், தப்பாக உள்ளே வந்த பேஸ்காரர். எனவே 'நாமே செய்வோம்' என்று மொழிபெயர்க்கலாமா?

இங்கேதான் தமிழ் ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு கேள்வியைக் கேட்கிறது. நாமா, நாங்களா? 'நாங்களே செய்தோம்' என்பதில் கேட்பவர் வெளியே நிற்கிறார். கைதட்டலாம், அவ்வளவுதான். 'நாம்' என்றால் கேட்பவரும் உள்ளே. சொந்தமாக ரெக்கார்டு போடுகிற எந்தக் குழுவும் 'நாங்கள்' ஆகிவிடலாம். அதற்குப் பணமும் பிடிவாதமும் போதும். 'நாம்' ஆவதற்கு, செய்த விதத்தை மறைக்காமல் வைக்க வேண்டும்.

இந்த ரெக்கார்டு முதல் சுயவெளியீடு என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் தி செயின்ட்ஸ் குழு 1976-லேயே தங்கள் முதல் சிங்கிளைத் தாங்களே போட்டுவிட்டார்கள். ஆகவே முதன்மை ஒரு பெருமை அல்ல. ஸ்பைரல் ஸ்க்ராட்ச்சுக்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் பெருமை. அதே 1977-இல் லண்டனில் டெஸ்பரேட் பைசைக்கிள்ஸ் என்ற குழு, ரெக்கார்டு போடுவது எவ்வளவு சுலபம் என்பதையே பாட்டாக்கிப் பாடியது. 1978-இல் ஸ்க்ரிட்டி பொலிட்டி குழு தன் முதல் ரெக்கார்டின் போட்டோகாப்பி உறையில் ஸ்டூடியோவுக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு, லேபிளுக்கு இவ்வளவு என்று மொத்தச் செலவுக் கணக்கையும் போட்டது. டேக் எண்ணில் தொடங்கியது பில்லில் வந்து முடிந்தது. உறையே கையேடு ஆனது. சொந்தக் காசில் இதழ் நடத்தி, தானே கட்டுக் கட்டித் தபாலில் சேர்த்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த உணர்ச்சி அந்நியமாக இருக்காது.

முதலில் அச்சிட்டது ஆயிரம் பிரதிகள். கடனைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்பதுதான் எதிர்பார்ப்பு. தபாலிலும், மான்செஸ்டரின் வர்ஜின் கடையிலும், லண்டனில் அப்போதுதான் தொடங்கியிருந்த ரஃப் டிரேட் கடையிலும் விற்று, கடைசியில் 16,000 போனது.

4

இனி எதிர்வாதம். அதைச் சொல்லாமல் விட்டால் நானும் புராணம் எழுதுகிறவன் ஆகிவிடுவேன்.

யாரும் செய்யலாம் என்பது முழு உண்மை இல்லை. 1976-இல் 500 பவுண்ட் சின்னத் தொகை அல்ல. கடன் கொடுக்க ஒரு அப்பா இருக்க வேண்டும், அலைய நேரமுள்ள மாணவ வாழ்க்கை இருக்க வேண்டும். மேடையில் நின்ற நால்வரும் ஆண்கள் என்பதும் தற்செயல் இல்லை. அந்த 'நாம்' உண்மையானது, ஆனால் அதற்கு ஒரு எல்லை இருந்தது.

இன்னொன்று, இது நீடிக்கவும் இல்லை. ரெக்கார்டு வந்த கொஞ்ச நாளிலேயே டெவோட்டோ விலகிவிட்டார். எல்லாரும் ஒரே மாதிரி கத்த ஆரம்பித்துவிட்டார்கள் என்று அவருக்கு அலுப்பு. 'போர்டம்' பாடலில் அந்த விலகல் முன்பே கேட்கிறது. புதிதாகப் பிறந்த இயக்கத்தைப் பிறந்த வருடமே அலுத்துக்கொள்கிற பாட்டு அது. மிச்சமிருந்தவர்கள் ஆகஸ்ட் 16 அன்று, எல்விஸ் பிரெஸ்லி இறந்த அதே நாளில், யுனைட்டட் ஆர்டிஸ்ட்ஸ் என்ற பெரிய கம்பெனியில் கையெழுத்துப் போட்டார்கள். துரோகம் என்று சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே போய் அவர்கள் போட்ட சிங்கிள்கள் அந்தப் பத்தாண்டின் மிகச் சிறந்த பாப் பாடல்களில் சேரும். ஷெல்லியின் மெட்டுகளுக்கு அந்தப் பளபளப்பு தேவையாகவும் இருந்தது. ஆனால் அவற்றைக் கேட்டு முடித்ததும் நான் ரசிகன் ஆகிறேன். ஸ்பைரல் ஸ்க்ராட்ச் முடிந்ததும் யாருக்காவது போன் பண்ணி, டேய், நாமும் ஏதாவது செய்யலாமா என்று கேட்கத் தோன்றுகிறது. இவை இரண்டு வேறு மதிப்புகள். முன்னதைத் தரமாகவும் பின்னதை வெறும் வரலாறாகவும் வைக்கிற விமர்சனத்தோடுதான் என் சண்டை. கேட்பவரை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்பதும் ஒரு படைப்பின் வடிவத்தில் அடங்கியதுதான்.

5

இன்றைக்கு ரெக்கார்டு வெளியிட 500 பவுண்ட் தேவையில்லை, அப்பா தேவையில்லை. லேப்டாப்பில் பதிவு செய்து ராத்திரி பதினோரு மணிக்கு ஏற்றிவிட்டால் உலகம் முழுக்க இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் அப்படித்தான் ஆறு பாட்டு போட்டான். ஒரு மாதம் கழித்து, "அண்ணா, எல்லாத்தையும் நானே பண்ணேன், ஆனா யாருமே கேக்கல" என்றான். பாட்டு நன்றாகவே இருந்தது. என்ன சொல்வது என்று தெரியாமல், இன்னும் கொஞ்சம் ஷேர் பண்ணு என்று ஏதோ சொல்லிவைத்தேன். மோசமான பதில்.

இப்போது கேட்டால் வேறு சொல்வேன். வெளியிடுவது சுலபமாகிவிட்டது, கூடுவது சுலபமாகவில்லை. பஸ்காக்ஸின் வரிசையைப் பார். முதலில் வேறொருவருக்காக மண்டபம் பிடித்தார்கள். அப்புறம் ஆள் வந்தது. அப்புறம் மேடை, அதற்கும் அப்புறம்தான் ரெக்கார்டு. ஜூன் 4-க்கும் ஜனவரி 29-க்கும் நடுவில் எட்டு மாதம்கூட இல்லை. நாம் கடைசிப் படியை முதல் படியாக வைத்துவிட்டு, மிச்சம் தானாக வரும் என்று காத்திருக்கிறோம். நிகழ்ச்சி என்பது ரெக்கார்டுக்கான விளம்பரம் அல்ல. அந்த ரெக்கார்டு யாரைப் பார்த்துப் பேசுகிறதோ அவர்கள் உருவாகிற இடம் அது.

அந்தப் பையனிடம் அடுத்த முறை ஒன்று கேட்கப்போகிறேன். உன் தெருவில், உன் காலேஜில் பாடுகிற இன்னொருத்தர் யார்? அவருக்கு ஒரு சாயங்காலம் இடம் பிடித்துக் கொடுத்து, நீ வாசலில் மேசை போட்டு உட்கார முடியுமா? நாற்பது பேர் வர வேண்டியதில்லை. தப்பான ஆள் ஒருத்தர் உள்ளே வந்தாலே போதும்.