பாட்டு நின்ற பிறகும் ஓடும் ஃபேன்

ராத்திரி இரண்டு மணிக்கு ஹாலில் வண்டு ரீங்கரிப்பதுபோல் ஒரு சத்தம். எழுந்துபோய்ப் பார்த்தால் டிவி மேஜைக்கு அடியில் ராஸ்பெர்ரி பை 4 என்ற கையடக்கக் கம்ப்யூட்டரின் குட்டி ஃபேன். பாட்டை நிறுத்திவிட்டுப் படுத்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. பெட்டியைத் தொட்டால் இட்லிப்பானை மூடி மாதிரி சுடுகிறது.

அதில் ஓடும் மியூசிக் சர்வர் மென்பொருளோடு ஆறு வாரமாகக் குடித்தனம். பெயர் வேண்டாம். வருஷச் சந்தா கட்டிய வயிற்றெரிச்சல் என்னோடு போகட்டும். எந்த அறையிலும் பாட்டு கேட்கலாம், போனிலிருந்தே மாற்றலாம் என்பதெல்லாம் நீங்கள் அறிந்ததுதான். என் பஞ்சாயத்து ஃபேனோடு.

எந்த மென்பொருள் பிராசஸரை எவ்வளவு தின்கிறது என்று பார்க்க டாப் கமாண்டு அடித்தேன். சர்வருக்கு நேரே 100 சதவீதம். அங்கே 100 என்றால் ஒரு கோர். பை-யில் நான்கு கோர், ஆக உச்சம் 400. அதற்காக, பாட்டே ஓடாதபோது ஒரு கோரை முழுசாக விழுங்குவானேன்? வெப்பம் 78 டிகிரி. 80-ஐத் தொட்டால் பை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

முதலில் ஃப்ளாக் கோப்புகள்மேல் சந்தேகப்பட்டேன். வீண்பழி. சிடி தரத்து ஃப்ளாக் ஓடும்போது பை-க்கு வியர்ப்பதுகூட இல்லை. போனுக்காக எம்பி3-யாக மாற்றினால், 44.1 கிலோஹெர்ட்ஸை 192-க்கு ஏற்றினால் வேலை கூடும்; இரண்டையும் நான் போடவே இல்லை. பாட்டுக்குப் பாட்டு சத்தத்தைச் சமன்செய்யும் அலசலையும் நிறுத்தினேன். ம்ஹூம்.

திரையில் 'நூலகம் புதுப்பிக்கப்படுகிறது' என்று ஒரு வட்டம் சுற்றுகிறது. எந்தக் கோப்பு, இன்னும் எத்தனை பாக்கி என்று மூச்சுவிடாது. ரேஷன் கடை வரிசையில்கூட நமக்கு முன்னால் எத்தனை பேர் என்று எண்ணிக்கொள்ளலாம். லாகைப் பார்க்க நான்கு மெனு தாண்ட வேண்டும். தாண்டினேன். ஸ்கேன் தொடங்கியது, முடிந்தது, தொடங்கியது, முடிந்தது. விடிய விடிய இதே பாராயணம்.

லினக்ஸில் ஐநோட்டிஃபை என்று ஒரு வசதி உண்டு. ஃபோல்டரில் ஒரு கோப்பு மாறினாலும் கர்னல் தட்டிச் சொல்லும். புதுப் பாட்டு வந்ததா என்று சர்வர் அதை வைத்துத்தான் அறிகிறது. அப்பாவின் நாதஸ்வரக் கேசட்டுகளை கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, கேசட் அட்டைகளையும் ஆசையாக ஆளுயரத் தரத்தில் ஸ்கேன் செய்து போட்டிருந்தேன். சர்வர் அந்தப் படங்களைச் சுருக்கி, சுருக்கியதை அதே ஆல்பம் ஃபோல்டரில் எழுதியிருக்கிறது. உடனே கர்னல், 'ஃபோல்டரில் ஏதோ மாறியிருக்கிறது' என்கிறது. சர்வர் மறுபடி ஸ்கேன் செய்து, பழைய குட்டிப் படங்களை அழித்துப் புதிதாக எழுதுகிறது. தானே குப்பை கொட்டித் தானே பெருக்கும் வேலை. அதற்குத்தான் சந்தா.

குட்டிப் படங்களை வேறு இடத்தில் வைக்க ஒரு செட்டிங் இருந்தது. மாற்றினேன். அடுத்த நிமிடமே 3 சதவீதம், அரை மணியில் 49 டிகிரி. அன்றிரவு ஃபேன் ஓடவில்லை. பாட்டு மட்டும் ஓடியது, அதுவும் அருமையாக. ஒலியில் இதைக் குறைசொல்ல மனசு வரவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு அப்டேட் வந்தது. செட்டிங் பழையபடி திரும்பியிருந்தது, வண்டும் வந்துவிட்டது. இந்த முறை மெனுவுக்குள்ளேயே போகவில்லை. பாட்டு ஃபோல்டரில் சர்வருக்கு இருந்த எழுதும் அனுமதியையே பிடுங்கிவிட்டேன். படத்தை எழுத முடியவில்லை, எழுத முடியவில்லை என்று லாகில் புலம்பிக்கொண்டிருக்கிறது. புலம்பட்டும்.